கூட வந்தவரின் நகம்

இப்போதுதான் இந்தத் துறைக்குள் காலெடுத்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் கையிலிருக்கும் கருவிகளைப் பற்றிச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. அவற்றில் பாதியை நான் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் சோறு இறங்கவில்லை என்று ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்காரும்போது, தொண்டைக்குள் இறக்கிப் பார்க்கும் குழாயைக் கையில் எடுக்குமுன் எங்கெல்லாம் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. ஒரு மாமியார், ஒரு மருமகள் இருவரும் சேர்ந்து அதை எனக்குள் ஏற்படுத்தினார்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரில் காது மூக்கு தொண்டை டாக்டராக இருந்தேன். சுற்றுவட்டாரத்தில் தொண்டைக்கு வேறு ஆள் இல்லாததால் அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருவார்கள். அப்படி ஒரு நாள் முற்பகலில் கொளஞ்சி வந்தாள். அரியலூருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் உடைக்கும் வேலை பார்ப்பவள். முப்பது வயதிருக்கும். இரண்டு அண்ணன்மார் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தார்கள். வாயில் ஒரு துண்டை அழுத்திக்கொண்டிருந்தாள்; துண்டு எச்சிலில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து கொலசாமிக்குக் கெடா வெட்டினோங்க டாக்டரம்மா" என்றார் பெரிய அண்ணன். "ஒரு துண்டு கறி வாயில வச்சா. அங்கயே நின்னுபோச்சு. எச்சிகூட முழுங்க முடியல. ஒடனே எடுத்து வுடுங்க."

"இதுக்கு முன்னாடி நல்லா சாப்பிட்டாங்களா?"

"எங்கங்க! ரெண்டு மூணு வருசமா கஞ்சித்தண்ணிதான். இவ மாமியா மருந்து வச்சுட்டா."

மருந்து என்று அவர் சொன்னது நாம் எழுதிக்கொடுக்கும் மருந்தை அல்ல. வேண்டாதவர்கள் சோற்றில் கலந்து கொடுத்துவிடுவதாக நம்பப்படும் இடுமருந்தை. சோறு இறங்காவிட்டால் யாரோ வைத்துவிட்டார்கள் என்பதுதான் ஊரின் தீர்ப்பு. அதை எடுப்பதற்கும் ஆள் உண்டு. வயிற்றை அமுக்கி, உறிஞ்சி, முடியும் மண்ணுமாக ஓர் உருண்டையை இலையில் துப்பிக் காட்டுவார். கொளஞ்சிக்கும் எடுத்திருந்தார்கள். அந்த உருண்டையை ஊரே பார்த்திருந்தது. வைத்தது மாமியார் அஞ்சலைதான் என்று முடிவாகி, அண்ணன்மார் தங்கையைத் தாய்வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார்கள். கல்யாணத்தை அத்துவிடுவதற்குப் பஞ்சாயத்து கூட்டவும் ஏற்பாடாகியிருந்தது.

நான் கொளஞ்சியைப் பார்த்தேன். கீழ் இமையை இழுத்தால் உள்ளே சிவப்பே இல்லை; வெளுத்த துணி மாதிரி இருந்தது. நாக்கு வழுவழுவென்றிருந்தது. வாயோரம் வெடித்திருந்தது. விரல் நகங்கள் மேடாக இல்லாமல் நடுவில் குழிந்து கரண்டி போலிருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அப்படியே தேங்கி நிற்கும். எனக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது. ரத்தச் சோகை நாள்பட்டுப் போனால், உணவுக்குழாய் தொடங்குமிடத்தில் குறுக்கே மெல்லிய சவ்வு ஒன்று வளரும். வாசலைப் பாதி சாத்தியது போல. முதலில் சோறு இறங்காது, பிறகு இட்லி இறங்காது, கடைசியில் கஞ்சிதான். இதைக் கவனிக்காமல் விட்டால் சில பேருக்குக் காலப்போக்கில் அதே இடத்தில் புற்று முளைக்கும். வயலில் வெறுங்காலோடு நிற்கிற, குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு ஏறிய, எல்லாரும் தின்ற பிறகு மிச்சத்தைத் தின்கிற பெண்களுக்குத்தான் அன்று இது அதிகம் வந்தது.

உடனே எடுக்கச் சொல்லி அண்ணன்மார் நெருக்கினார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டு மயக்கம் கொடுத்தா, எழுப்புறது என் கையில இல்ல" என்றார். அவர் சொன்னது சரி. வெளியே வந்து, முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், அதன் பிறகுதான் கறித்துண்டு என்றேன்.

பெரிய அண்ணன் கத்தினார். "நீங்க எடுக்குறீங்களா, இல்ல தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போவட்டுமா?"

"மூச்சு நல்லா ஓடுது. மூச்சு ஓடுறவரைக்கும் நமக்கு நேரம் இருக்கு. பஸ்ஸுல போட்டு ஆட்டினாத்தான் ஆபத்து."

இதை மனத்தில் வையுங்கள். அவசரம் நோயாளிக்கா, கூட வந்தவர்களுக்கா என்று ஒரு நிமிடம் நின்று பிரித்துப் பாருங்கள். கதவுக்கு வெளியே கேட்கும் சத்தத்துக்காகக் குழாயைக் கையில் எடுக்காதீர்கள்.

அண்ணன்மாரின் ரத்தம் சேரவில்லை. அடுத்த பஸ்ஸில் கொளஞ்சியின் கணவன் ராசேந்திரன் வந்து இறங்கினான். யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அஞ்சலை. ஒடுங்கிய உடம்பு, இடுப்பில் வெற்றிலைப் பை. அண்ணன்மார் வார்டு வாசலை மறித்துக்கொண்டார்கள். ராசேந்திரன் சண்டை போடவில்லை. என்னைப் பார்த்து, "எங்கிட்ட எடுங்கம்மா" என்று கையை நீட்டினான். பரிசோதித்தோம், பொருந்தியது.

"அவன் ரத்தம் எந் தங்கச்சி ஒடம்புல ஏறக்கூடாது" என்றார் பெரிய அண்ணன். "அத்துவுடப் போற எடத்துல என்ன ரத்தம்?"

அதுவரை தலையைத் தொங்கப்போட்டிருந்த கொளஞ்சி, வாயிலிருந்த துண்டை எடுத்தாள். எச்சில் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"ஒடம்பு என்னுதுண்ணே" என்றாள். "ஏத்துங்கம்மா."

மாலையில் ஆபரேஷன் தியேட்டரில் குழாயை இறக்கினேன். கறித்துண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. லேசாக ஒரு தள்ளுத் தள்ளினால் கீழே போய்விடும் போலத்தான் இருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தள்ளினால் உணவுக்குழாய்ச் சுவர் கிழியலாம். இடுக்கியால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தேன். அதன் பின்னால் சவ்வு தெரிந்தது. பாலில் படியும் ஆடை மாதிரி, ஒரு ஓரத்தில் பிறையாக. குழாயின் நுனி பட்டதுமே விலகிக் கிழிந்தது. சில துளி ரத்தம். அவ்வளவுதான். இரண்டு மூன்று வருடமாக ஒரு குடும்பத்தை உடைத்துக்கொண்டிருந்தது அந்த ஆடைதான்.

மயக்கம் முழுதாகத் தெளிந்து, வலியில்லை காய்ச்சலில்லை என்று உறுதியான பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, வழக்கம்போல் அது நிற்கும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நிற்கவில்லை. டம்ளரைக் காலி செய்தாள். "போயிடுச்சும்மா, போயிடுச்சு" என்று தொண்டையைத் தடவித் தடவிச் சொன்னாள்.

மறுநாள் காலை இரண்டு தரப்பையும் வார்டுக்குள் கட்டிலருகே கூப்பிட்டேன். கொளஞ்சியின் கையைப் பிடித்து நகங்களைக் காட்டினேன். "மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. ஒடம்புல ரத்தம் சுண்டிப்போனா நகம் இப்படிக் குழி விழும். தொண்டையில சவ்வு வளரும். யாரும் வைக்க வேண்டியதில்ல, தானா வரும்."

பெரிய அண்ணன் விடவில்லை. "அப்படின்னா அந்தக் கெழவி ஏம்மா குடும்பத்தோட ஒக்காந்து சாப்புட மாட்டேங்குறா? எல்லாரும் சாப்புட்டப்பறம் அடுப்படியில போயி, செவுத்தப் பாத்துக்கிட்டுத் தனியாத் திங்கிறா. அந்தச் சோத்துல என்ன கெடக்குன்னு அவளுக்குத் தெரியும்ல!"

ஊர் நம்பியதற்கு இதுதான் சாட்சி. எல்லாருடைய கண்ணும் அஞ்சலையின் மேல் விழுந்தது. அந்த அம்மா கைகள் இரண்டையும் மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அதை நான் பார்த்துவிட்டேன்.

"அம்மா, கையக் காட்டுங்க."

நீட்டவில்லை. நானே போய் முந்தானையை விலக்கிக் கையை எடுத்தேன். பத்து நகங்களும் குழிந்திருந்தன, கொளஞ்சியுடையதைவிட ஆழமாக.

"சோறு எறங்குதா?"

மகனை ஒரு முறை பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எவ்வளவு நாளா?"

"கொளஞ்சி வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடி புடிச்சுங்க. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சு, கழுத்த நீட்டி, கோழி முழுங்குற மாதிரி முழுங்கணும். நாலு பேரு பாத்தா புத்துன்னு சொல்லி ஒதுக்கிப்புடுவாங்க. தனியா ஒக்காந்தா யாரு பாக்கப் போறா?"

ராசேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொளஞ்சி கட்டிலிலிருந்து எழுந்து வந்து, என் கையிலிருந்த மாமியாரின் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். இரண்டு கைகளின் நகங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

நோயாளியோடு வருகிறவரைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். ஒரே அடுப்பு, ஒரே காடு, ஒரே பற்றாக்குறை. படுத்திருப்பவருக்கு வந்தது பக்கத்தில் நிற்பவருக்கு முன்னமே வந்திருக்கலாம். பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற அம்மாவின் நகத்தையும் இமையையும் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

அஞ்சலைக்கும் ரத்தம் தேறும்வரை மருந்து கொடுத்துவிட்டுக் குழாயை இறக்கினேன். அங்கேயும் சவ்வு, கொஞ்சம் தடித்தது. அதை விலக்கியதும் இன்னொன்று தெரிந்தது. பின்பக்கச் சுவரில் துவரம்பருப்பளவு ஒரு வெள்ளைத் திட்டு. மேற்புறம் சொரசொரப்பாக இருந்தது. பல காலம் புகையிலை போட்ட வாய் வேறு. அதில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்காகத் திருச்சிக்கு அனுப்பினேன். பதில் வந்தது: புற்று இன்னும் ஆகவில்லை, ஆகிற வழியில் வெகுதூரம் வந்துவிட்டது. மேல்தோல் முழுக்கச் செல்கள் மாறிவிட்டன. கீழே இறங்கவில்லை. சந்தேகம் தீர அதே துணுக்கை இன்னொருவரையும் பார்க்கச் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார்.

பெரிய நகரத்து அறுவை நிபுணர் ஒருவரிடம் டிரங்க் கால் போட்டுப் போனில் பேசினேன். அந்தக் காலத்து அறிவின்படி அவர் சொன்னது நியாயமான யோசனை. "அந்த இடத்தையே எடுத்துவிடுங்கள். குரல்வளையும் சேர்ந்து போகும். உயிர் மிஞ்சும்."

"திட்டை மட்டும் சுற்றோடு எடுத்துவிட்டு, அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தால்?"

"பார்க்கலாம், நோயாளி வந்தால். சோறு இறங்க ஆரம்பித்த பிறகு கிராமத்திலிருந்து யார் திரும்பி வருகிறார்கள்? அவள் மறுபடி வரும்போது கழுத்தில் கட்டியோடு வருவாள். அப்போது என்ன செய்வீர்கள்?"

அஞ்சலையையும் வீட்டாரையும் உட்கார வைத்து இரண்டு வழியையும் சொன்னேன். ஒன்றில் பேச்சு போகும், உயிருக்கு உத்தரவாதம் கூடுதல். இன்னொன்றில் பேச்சு இருக்கும். ஆனால் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் கதை மாறிவிடும்.

அஞ்சலை, "பேச்சப் புடுங்கிட்டீங்கன்னா, நான் மருந்து வைக்கலன்னு பஞ்சாயத்துல யாரும்மா சொல்லுவா?" என்றார்.

"அத நான் சொல்லிக்கிறேன்" என்றாள் கொளஞ்சி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "எப்ப எப்ப வரணும்னு சொல்லுங்கம்மா. நான் கூட்டிக்கிட்டு வரேன். வரலன்னு மல்லுக்கு நின்னுச்சுன்னா கட்டித் தூக்கிக்கிட்டு வரேன்."

மருந்து வைத்ததாக யாரைச் சொன்னார்களோ, அவருக்கு அந்த மருமகள் ஜாமீன் நின்றாள். என் கைத்திறனை நம்பி மட்டும் நான் அன்று முடிவெடுத்திருக்க முடியாது. கொளஞ்சியின் முகத்தைப் பார்த்தேன், முடிவெடுத்தேன். இன்றும் உங்களில் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுவீர்கள். இந்தத் திட்டை விட்டுவைத்துப் பார்க்கலாமா, வெட்டிவிடலாமா என்று துணுக்கை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகட்டை மட்டும் கேட்காதீர்கள். இவரை யார் திரும்ப அழைத்துவருவார்கள் என்று கேளுங்கள். அதற்கு ஒரு பெயர் கிடைத்தால் உங்களுக்கு இன்னொரு வழி திறக்கிறது.

திட்டைச் சுற்றிலும் நல்ல தோல் கொஞ்சம் சேர்த்து எடுத்தேன். அன்று மதியமே அஞ்சலை, "முதுகுல குத்துதும்மா" என்றார். லேசாக உடம்பு சுட்டது. உணவுக்குழாய்ச் சுவர் கிழிந்தால் இப்படித்தான் தொடங்கும். கழுத்துத் தோலை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். உள்ளே காற்று கசிந்திருந்தால் நறநறவென்று தட்டுப்படும். தட்டுப்படவில்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் நான் நம்பிவிடவில்லை. வாய் வழியாக எதுவும் கூடாது, நரம்பு வழியாகத் தண்ணீரும் ஊசியும் என்று உத்தரவு போட்டேன். ராசேந்திரன் பாசத்தில் காப்பி வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அந்த டம்ளரைக் கொளஞ்சி பிடுங்கித் தானே குடித்துவிட்டாள். "டாக்டரம்மா கூடாதுன்னா கூடாது" என்று கட்டிலுக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் சூடு இறங்கியது. வலியும் போனது. அதன் பிறகும் ஒரு நாள் கூடுதலாகக் காக்கவைத்துத்தான் முதல் வாய்த் தண்ணீரைக் கொடுத்தேன்.

எடுத்த திட்டின் ஓரங்களெல்லாம் சுத்தமாக இருப்பதாகத் திருச்சியிலிருந்து சேதி வந்தது. புகையிலையை விடச் சொன்னேன். "வெத்தல மட்டும்?" என்று கேட்டார் அஞ்சலை. அதற்கும் கொளஞ்சிதான் பதில் சொன்னாள்: "கூடாது." வெற்றிலைப் பை அன்றே அவள் இடுப்புக்கு மாறி, அதில் இரும்புச்சத்து மாத்திரைகள் குடியேறின.

பஞ்சாயத்து நடந்ததை ராசேந்திரன் வந்து சொன்னான். ஊர் கூடியிருந்த இடத்துக்குக் கொளஞ்சி ஒரு தட்டில் சோறும் குழம்பும் கொண்டுபோயிருக்கிறாள். மாமியாரைப் பிசைந்து உருட்டிக் கொடுக்கச் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் உருண்டை உருண்டையாக வாங்கித் தின்றிருக்கிறாள். கடைசி உருண்டையை வாங்கி மாமியார் வாயில் போட்டிருக்கிறாள். அஞ்சலையும் தண்ணீர் குடிக்காமல் முழுங்கியிருக்கிறார். "அதுக்கு மேல பஞ்சாயத்துல என்னம்மா பேச்சு? பெரிய மச்சானே துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, சோறு மிச்சம் இருக்கான்னு கேட்டாரு" என்று சிரித்தான்.

வருவார்களா என்று நகரத்து நிபுணர் கேட்டாரல்லவா? வந்தார்கள். மழையில் ஓடை பெருகி அவர்கள் ஊர் பஸ் நின்றுபோன நாளில் நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து, வேறு பஸ் பிடித்து வந்தார்கள். அறுவடை நாளில் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். வரும்போது தனியாகவும் வரவில்லை. நகம் குழிந்த பெண்களை ஊரில் தேடிப்பிடித்து அஞ்சலை கூட்டிவந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "அம்மாகிட்ட கைய நீட்டுங்கடி, வெக்கப்படாதீங்க" என்று அவர் குரல்தான் முதலில் கேட்கும். அவர்களில் பலருக்குச் சவ்வு வளருமுன்பே வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் இரும்புச் சத்தும் கொடுத்துத் தடுத்தோம். வளர்ந்திருந்தவர்களுக்கு விலக்கினோம். அந்த நிபுணருக்கு ஒவ்வொரு தடவையும் தகவல் சொல்லுவேன். ஒரு கட்டத்தில் அவரே, "இதே மாதிரி ஒரு நோயாளி இங்கே இருக்கிறாள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

அதற்குப் பிறகும் அஞ்சலை பல காலம் நன்றாக இருந்தார். பேத்தி கல்யாணத்துக்குத் தாம்பூலத் தட்டோடு வந்து என்னை அழைத்தார். ஆனால் இந்த வேலையில் நான் அடைந்த பெரிய சந்தோஷம் எது என்று கேட்டால், கல்யாணத்துக்கு வெகு முன்னால் வந்த ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையைத்தான் சொல்லுவேன்.

எனக்கு மாறுதல் உத்தரவு வந்திருந்தது. போகுமுன் அஞ்சலையின் தொண்டையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று வரச் சொல்லியிருந்தேன். அந்தக் குழாயில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் பார்க்க முடியும். நான் குனிந்து பார்த்தேன். திட்டு இருந்த இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. சுற்றிலும் ஈரமாக, இளஞ்சிவப்பாக, குழந்தையின் கன்னத்து உட்புறம் போலிருந்தது. நான் நிமிரவே இல்லை போலிருக்கிறது. மயக்க மருந்து டாக்டர், "என்ன, எதாவது இருக்கா?" என்று பதறிப்போய்க் கேட்டார். நான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். அவர் பார்த்தார். அவரும் நகர்ந்து நர்சம்மாவுக்கு இடம் விட்டார். நர்சம்மா பார்த்துவிட்டு, ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிவந்தவரைக் கூப்பிட்டார். தியேட்டரில் இருந்த எல்லாரும் கோயிலில் தீபாராதனை பார்ப்பது போல் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

அஞ்சலைக்கு அன்று தொண்டைக்கு மட்டும்தான் மரத்துப்போகும் மருந்து. நினைவு முழுக்க இருந்தது. குழாயை எடுத்து, உட்காரவைத்ததும் முதல் காரியமாகக் கேட்டார்.

"எல்லாரும் மாறி மாறி எட்டிப் பாத்தீங்களே, உள்ளார என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல அஞ்சலையம்மா" என்றேன். "ஒண்ணுமே இல்ல. அதத்தான் எல்லாரும் பாத்தோம்."